பழைய இணையதளங்களில் விண்ணப்பம் போடுவது எப்படி? முதல்முறை போடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல்முறையாக ஆன்லைனில் விண்ணப்பம் போட உட்காருபவர்கள் பாதியில் எழுந்துபோவதற்கு அறியாமை காரணம் இல்லை. கேட்ட தாள்கள் எல்லாம் கையில் இருக்கும். விவரங்களும் சரியாக இருக்கும். இருந்தும் "பதிவேற்றம் தோல்வி" என்று சிவப்பில் ஒரு வரி வந்து நிற்கும். ஏன் தோல்வி என்று அது சொல்லாது. மறுபடி முயன்றால் லாக்-இன் பக்கத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். நேரில் போனால் "ஆன்லைனில் போடுங்கள்" என்பார்கள். ஆன்லைனில் போட்டால் "நகலை நேரில் கொண்டுவரவும்" என்று வரும். கணினியோடு பழகியவர்களே இதில் தளர்ந்துபோகிறார்கள். வயதானவர்களும், புது இடத்துக்குக் குடிவந்தவர்களும், முதல் வேலைக்குச் சான்றிதழ் தேடுகிற பிள்ளைகளும் என்ன செய்வார்கள்?

மற்றவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து உதவுகிற பழக்கம் எனக்கு உண்டு. அதில் நான் உறுதியாகக் கண்டுகொண்டது ஒன்றுதான். அலுவலகத்தின் பதிவை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. அதைவிட ஒழுங்கான பதிவு நம்மிடம் இருக்க வேண்டும். மாதக்கணக்கில் அசையாமல் கிடந்த விண்ணப்பம்கூட ஒரு எண்ணோ, ஒரு தேதியோ, ஒரு ஸ்கிரீன்ஷாட்டோ காட்டியதும் நகர்வதைப் பார்த்திருக்கிறேன். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தப் பதிவை உருவாக்குவதற்கும், அது தேவைப்படாத அளவுக்கு வேலையை முதலிலேயே சரியாக முடிப்பதற்கும்தான்.

தொடங்கும் முன்: பக்கத்துக்குப் பின்னால் இருப்பது

நாம் பார்க்கிற பக்கம் புதிதாக இருக்கலாம். அதற்குப் பின்னால் இருக்கும் நிரல் பல பத்தாண்டுகள் பழையதாக இருக்கக்கூடும். கோபால் (COBOL) என்ற கணினி மொழி 1959-இல் உருவானது. வங்கி, காப்பீடு, ஓய்வூதியம் போன்ற துறைகளில் அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலையிழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வர வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். ஜப்பானில், அரசுக்குச் சில ஆவணங்களை ஃபிளாப்பி டிஸ்க்கில் தர வேண்டும் என்ற விதிகள் ஆயிரத்துக்கும் மேல் இருந்தன. அவற்றை நீக்கி முடித்தது 2024-இல்தான். எந்திரம் மாறினாலும் விதி மாறாமல் இருக்கும். விதி மாறினாலும் படிவம் மாறாமல் இருக்கும்.

இதைத் தெரிந்துகொள்வதால் நேரடியாக ஒரு பயன் உண்டு. இப்படிப்பட்ட அமைப்புகள் பலவற்றில் நாம் கொடுக்கிற விவரம் உடனே மையப் பதிவேட்டுக்குப் போவதில்லை. பகலில் வந்ததையெல்லாம் சேர்த்துவைத்து இரவில் மொத்தமாக ஏற்றுவார்கள். இன்று மாற்றிய முகவரி நாளை காலைதான் தெரியும். இன்று கட்டிய பணம் நாளைதான் வரவு காட்டும். "மாறவில்லையே" என்று அதே திருத்தத்தை இரண்டாம் முறை கொடுத்தால், ஒரே ஆளுக்கு இரண்டு கோரிக்கைகள் உருவாகி, இரண்டும் நின்றுபோக வாய்ப்பு உண்டு. ஒரு முழு வேலைநாள் போகட்டும். அதன்பிறகு பாருங்கள்.

படி 1: உங்களுக்கென்று ஒரு கோப்பு

விண்ணப்பப் பக்கத்தைத் திறப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கணினியில்தான் வசதி என்றால் ஒரு ஃபோல்டர். நாள், நேரம், எந்தப் பக்கம் அல்லது எந்த கவுன்டர், யார் என்ன சொன்னார், என்ன எண் கொடுத்தார் என்று ஒவ்வொரு முறையும் ஓரிரு வரி எழுதிவையுங்கள். போனில் பேசினால் பேசியவரின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். பெயர் சொல்லத் தயங்கினால் புகார் எண்ணாவது கேளுங்கள். இரண்டும் இல்லாத உரையாடல், பின்னால் தேவைப்படும்போது நடந்ததாகவே ஆகாது.

அந்தக் கோப்பின் முதல் பக்கத்தில், எந்தக் கைபேசி எண், எந்த மின்னஞ்சல், எந்தப் பயனர் பெயர் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். இடைத்தரகர் ஒருவர் தன் எண்ணைப் போட்டுக் கணக்கு தொடங்கிக் கொடுத்துவிட்டு, பிறகு அவரைக் கண்டுபிடிக்கவே முடியாமல் தவிப்பவர்கள் நிறையப் பேர். யாரிடம் உதவி கேட்டாலும் கேளுங்கள். கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்கட்டும். கணக்கு யாருடைய எண்ணில் இருக்கிறதோ, விண்ணப்பம் அவர் கையில்தான் இருக்கிறது.

படி 2: பெயரும் தேதியும் ஒத்துப்போகின்றனவா?

விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்குப் பெரிய காரணம் பெயர்தான். ஆகவே இதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள்.

ஒரு பெரியவரின் விண்ணப்பம் "பெயர் பொருந்தவில்லை" என்று திரும்பத் திரும்ப வந்தது. இரண்டு ஆவணங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தன. கடைசியில் திரையில் இருந்த பெயரை நகலெடுத்து ஒரு எழுதும் மென்பொருளில் ஒட்டிப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: இனிஷியலுக்கும் பெயருக்கும் நடுவில் ஒரு இடைவெளிக்குப் பதில் இரண்டு இடைவெளிகள் இருந்தன. முதலில் தட்டச்சு செய்தவர் ஸ்பேஸ் பட்டனை ஒருமுறை கூடுதலாக அழுத்தியிருக்கிறார். மனிதக் கண்ணுக்கு அது ஒரே பெயர். எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும் பழைய நிரலுக்கு அது வேறொரு ஆள்.

உங்களிடம் உள்ள ஆவணங்களில் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். இனிஷியல் முன்னாலா பின்னாலா, புள்ளி உண்டா இல்லையா, இடைவெளி எத்தனை, ஆங்கில எழுத்துக்கூட்டல் என்ன என்று பாருங்கள். எந்த ஆவணத்தைக் காட்டி விண்ணப்பிக்கிறீர்களோ அதில் உள்ளபடியே, புள்ளி மாறாமல், நிரப்புங்கள். "இப்படி எழுதினால்தானே சரி" என்ற எண்ணம் வரும். அதை இங்கே விட்டுவிடுங்கள். சரியான பெயர் வேறு, பதிவில் இருக்கும் பெயர் வேறு. படிவத்துக்கு இரண்டாவதுதான் வேண்டும். பதிவே தவறாக இருந்தால் முதலில் பதிவைத் திருத்துங்கள், பிறகு விண்ணப்பம் போடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் ஒன்று மற்றொன்றுக்காகக் காத்து நிற்கும்.

முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருந்தால் என்ன செய்வது? உலகில் கோடிக்கணக்கானோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. பல படிவங்கள் அதை ஏற்பதில்லை. இதற்கு எங்கும் பொருந்துகிற ஒரே விடை இல்லை. அந்தப் படிவத்தின் வழிமுறைக் குறிப்பில் "ஒற்றைப் பெயர்" பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லாவிட்டால், உங்கள் பாஸ்போர்ட்டிலோ முதன்மை அடையாள அட்டையிலோ பெயர் எப்படிப் பிரிந்திருக்கிறதோ அப்படியே பிரித்துப் போடுங்கள். நீளமான பெயர்களுக்கு வேறொரு சிக்கல். பாஸ்போர்ட்டின் அடியில் எந்திரம் படிப்பதற்காக இருக்கும் இரண்டு வரிகளில், பெயருக்கு ஒதுக்கிய இடம் 39 எழுத்துகள் மட்டுமே. அதற்கு மேல் போனால் வெட்டுப்படும். அந்த வெட்டுப்பட்ட வடிவம் வேறொரு பதிவேட்டில் உங்கள் முழுப்பெயராக ஏறியிருக்கவும் கூடும். காரணம் தெரியாமல் பெயர் பொருந்தாமல் போனால் இதையும் சரிபாருங்கள்.

பிறந்த தேதி: 03/07 என்றால் சில அமைப்புகளுக்கு ஜூலை 3, சிலவற்றுக்கு மார்ச் 7. தேதி 12-க்கு மேல் இருந்தால் தளம் பிழை காட்டிவிடும். 12-க்குள் இருந்தால் சத்தமில்லாமல் தவறாகப் பதிந்துவிடும். கட்டத்துக்கு மேலேயே எந்த வரிசை என்று போட்டிருப்பார்கள். முடிந்தால் தட்டச்சு செய்யாமல் நாள்காட்டியைத் திறந்து தேர்ந்தெடுங்கள். பெற்றோரின் பழைய பதிவுகளில் ஜனவரி 1 என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். தேதி தெரியாதபோது நிரப்புவதற்காகவே அதைப் போடும் வழக்கம் பல இடங்களில் உண்டு.

படி 3: ஆவணங்களைத் தளம் கேட்கிற வடிவத்துக்குக் கொண்டுவருதல்

"50 கேபிக்குள் ஜேபெக் படம்" என்று கேட்கும்போது தளம் மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: கோப்பின் வகை, கோப்பின் எடை (எத்தனை கேபி), படத்தின் அளவு (நீள அகலத்தில் எத்தனை புள்ளிகள், அதாவது பிக்சல்). இதில் எதில் தவறினாலும் ஒரே பிழைச் செய்திதான் வரும். அதனால் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

முதலில் வகை. கோப்பின் பெயரில் கடைசியில் இருக்கும் மூன்றெழுத்தை மாற்றி எழுதினால் வகை மாறிவிடாது. உள்ளே இருப்பது பழைய வகைதான், தளம் கண்டுபிடித்துவிடும். ஒரு மென்பொருளில் திறந்து, வேறு வகையாகச் சேமிக்க வேண்டும். ஐபோன் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் அதன் கேமரா படங்களை ஹெய்க் என்ற வகையில் சேமிக்கிறது. பழைய தளங்களுக்கு அந்த வகை தெரியாது. அமைப்புகளில் கேமரா, அதற்குள் ஃபார்மட்ஸ் என்ற இடத்துக்குப் போய் "மோஸ்ட் கம்பாட்டிபிள்" என்பதைத் தேர்ந்தெடுத்தால், அதன்பின் எடுக்கும் படங்கள் ஜேபெக்காகவே இருக்கும்.

அடுத்து அளவும் எடையும். படம் கனமாக இருந்தால் பலரும் தரத்தைக் குறைத்துக்கொண்டே போவார்கள். முகம் கலங்கிப்போகும், எழுத்து வாசிக்க முடியாமல் போகும். பிறகு "தெளிவாக இல்லை" என்று திரும்பி வரும். முதலில் பிக்சல் எண்ணிக்கையைக் குறையுங்கள். அதற்குப் பிறகும் எடை கூடுதலாக இருந்தால்தான் தரத்தில் கைவையுங்கள். 35-க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படத்துக்கு 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) கணக்கில் 413-க்கு 531 பிக்சல் போதும். கைபேசியில் எடுத்த படம் அதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும். ஏ4 தாளை 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 2480-க்கு 3508 பிக்சல் வரும். அதையே 150 டிபிஐ-யில் செய்தால் 1240-க்கு 1754. பிக்சல் நான்கில் ஒரு பங்காகிவிடும், அச்செழுத்து அப்போதும் படிக்கும்படி இருக்கும். நிறம் கேட்காத ஆவணத்தைச் சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்தால் எடை இன்னும் குறையும்.

ஒரு கேபி என்பதைச் சில மென்பொருள்கள் 1000 பைட் (கோப்பின் எடையை அளக்கும் சிறு அலகு) என்றும், சில 1024 பைட் என்றும் கணக்கிடுகின்றன. உச்சவரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்காதீர்கள். 200 என்றால் 180-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். கீழ்வரம்பும் இருக்கும், "20 முதல் 50 கேபி" என்பதுபோல. அதையும் பாருங்கள்.

கோப்பின் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்திலும் எண்ணிலும் மட்டும் வையுங்கள். இடைவெளி, அடைப்புக்குறி, நடுவில் கூடுதல் புள்ளி, தமிழ் எழுத்து எதுவும் வேண்டாம். தமிழ் எழுத்து கோப்புப் பெயரில் இருப்பதில் தவறேதும் இல்லை. தவறு பழைய தளத்தில்தான். ஆனால் "அ" என்ற ஒரே எழுத்து இணைய முகவரிக்குள் போகும்போது ஒன்பது குறிகளாக விரியும். நான்கு சொல் உள்ள பெயர் நூற்றுக்கும் மேற்பட்ட குறிகளாகி, தளம் வைத்திருக்கும் வரம்பைத் தாண்டிவிடக்கூடும்.

இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். "இலவசமாகப் படத்தைச் சுருக்கித் தருகிறோம்" என்று சொல்லும் முன்பின் தெரியாத இணையதளங்களில் அடையாள அட்டையையும் வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் ஏற்றாதீர்கள். அந்தப் படம் எங்கே போகிறது, யார் வைத்துக்கொள்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. விண்டோஸில் உள்ள பெயின்ட், மேக்கில் உள்ள பிரிவியூ, கைபேசியில் ஏற்கெனவே இருக்கும் படத் திருத்தி போன்றவையே அளவைக் குறைக்கப் போதும்.

படி 4: பிரவுசரும் நேரமும்

கணினி கிடைத்தால் கணினியில் செய்யுங்கள். பழைய தளங்கள் கைபேசித் திரைக்காகக் கட்டப்பட்டவை அல்ல. "சமர்ப்பி" பட்டனே திரைக்கு வெளியே போய் ஒளிந்திருக்கும். தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள், அல்லது அலுவலகம் கொடுத்த தாளில் இருந்து எடுங்கள். தேடினால் மேலே முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். அசல் தளத்தைப் போலவே தோற்றம் வைத்துக்கொண்டு கட்டணம் வாங்கும் தளங்கள் உண்டு.

"இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் வேலை செய்யும்" என்று இன்னமும் சொல்கிற தளங்கள் இருக்கின்றன. விண்டோஸ் 10-இல் அந்த பிரவுசருக்கான ஆதரவு 2022 ஜூன் 15-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆனால் மைக்ரோசாஃப்ட் எட்ஜ் பிரவுசரின் அமைப்புகளில் "ஐஇ மோட்" என்று ஒன்று உண்டு. குறைந்தது 2029 வரை அது தொடரும் என்று அந்த நிறுவனம் சொல்லியிருக்கிறது. அதை இயக்கி அந்தத் தளத்தைத் திறந்து பாருங்கள். ஃபிளாஷ் என்ற பழைய மென்பொருளைக் கேட்கிற தளம் என்றால் அந்த வழியும் கிடையாது. ஃபிளாஷ் 2020 முடிவோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அப்படிப்பட்ட பக்கத்தோடு போராடாமல் நேரடியாக அலுவலகத்துக்கு எழுதிக் காகிதப் படிவம் கேளுங்கள்.

பக்கத்தைத் தானாக மொழிபெயர்க்கும் வசதியை, படிவம் நிரப்பும்போது அணைத்துவிடுங்கள். அது கட்டங்களின் உள்ளடக்கத்தையே மாற்றி, பின்னால் ஓடும் நிரலைக் குழப்பக்கூடும். புரிவதற்காக வேண்டுமானால் இன்னொரு ஜன்னலில் மொழிபெயர்த்துப் படியுங்கள், நிரப்புவதை மூலப் பக்கத்தில் செய்யுங்கள். பெயர், முகவரியைத் தானாக நிரப்பும் வசதியும் அப்படித்தான். நீங்கள் பார்க்காத ஒரு கட்டத்தில் பழைய முகவரியைப் போட்டுவிடும். பாப்-அப் தடுப்பை அந்தத் தளத்துக்கு மட்டும் தளர்த்துங்கள். பணம் கட்டும் பக்கமும் ரசீதும் பெரும்பாலும் தனி ஜன்னலில்தான் வரும்.

நிரப்பிக்கொண்டிருக்கும்போதே "உங்கள் அமர்வு முடிந்தது" என்று வெளியே தள்ளுவது ஏன் என்று பலரும் கேட்பார்கள். தளத்தை இயக்கும் கணினியான சர்வரில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. நீங்கள் கடைசியாக ஒரு பட்டனை அழுத்தியதில் இருந்து அது எண்ணத் தொடங்கும். இணையதளம் கட்டப் பரவலாகப் பயன்படும் மென்பொருள்களில், நிறுவும்போதே வருகிற அளவு 20 நிமிடம், 24 நிமிடம், 30 நிமிடம் என்று இருக்கும். சில அலுவலகங்கள் பாதுகாப்புக்காக அதை இன்னும் குறைத்து வைப்பார்கள். நீங்கள் கட்டத்தில் தட்டச்சு செய்வது சர்வருக்குத் தெரியாது. "சேமி" அல்லது "அடுத்து" அழுத்தினால்தான் நீங்கள் அங்கே இருப்பதே அதற்குத் தெரியும். ஆகவே நீளமான விடைகளைத் தனியாக ஒரு கோப்பில் முதலிலேயே எழுதிவைத்து, படிவத்தில் ஒட்டுங்கள். "வரைவாகச் சேமி" என்று இருந்தால் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அழுத்துங்கள். பிரவுசரின் பின்செல்லும் அம்புக்குறியைத் தொடாதீர்கள். பக்கத்துக்குள்ளேயே "முந்தைய பக்கம்" என்று பட்டன் இருந்தால் அதை மட்டும் பயன்படுத்துங்கள்.

படி 5: தமிழில் நிரப்பும்போது

எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடு தமிழில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்துவைத்திருக்கும் முகவரியை அப்படியே ஒட்டினால், நமக்குத் தமிழாகத் தெரிவது தளத்துக்கு வெறும் ஆங்கில எழுத்துகளின் குவியல். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

"100 எழுத்துக்குள்" என்று இருக்கும் கட்டத்தில் 60 எழுத்திலேயே நின்றுவிட்டால் பதற வேண்டாம். நாம் "கு" என்று ஒரே எழுத்தாக எண்ணுவதைக் கணினி க, உகரக்குறி என்று இரண்டாக எண்ணுகிறது. சில பழைய தளங்கள் பைட் கணக்கில் எண்ணும். அப்போது அந்த ஒரே "கு" ஆறாகிவிடும். சொற்களைக் குறையுங்கள். முழுவதையும் சொல்லியாக வேண்டும் என்றால் "இணைப்பைப் பார்க்கவும்" என்று எழுதி, விவரத்தைத் தனித்தாளாக ஏற்றுங்கள்.

கடவுச்சொல்லில் ஒரு எச்சரிக்கை. சில பழைய அமைப்புகள் நீளமான கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டதுபோல் காட்டிவிட்டு, முன்பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளும். புதிதாக வைத்ததும் ஒருமுறை வெளியேறி, திரும்ப உள்ளே வந்து பாருங்கள். வேலை செய்யாவிட்டால் அப்போதே சின்னதாக மாற்றிக்கொள்ளலாம். ஓடிபி வரத் தாமதமானால் "மீண்டும் அனுப்பு" பட்டனைத் தொடர்ந்து அழுத்தாதீர்கள். ஒவ்வொரு அழுத்தலும் முந்தைய எண்ணைச் செல்லாததாக்கக்கூடும். குறுஞ்செய்திகள் வரிசை மாறி வருவதும் உண்டு. ஒருமுறை அழுத்திக் காத்திருங்கள். பல வந்துவிட்டால் கடைசியாக அனுப்பச் சொன்னதற்குரிய எண்ணைப் போடுங்கள்.

படி 6: பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை

எல்லோரையும் அதிகம் பதறவைப்பது இதுதான். கணக்கில் பணம் கழிந்திருக்கும், தளம் "கட்டணம் நிலுவை" என்று காட்டும். உடனே இரண்டாம் முறை கட்டாதீர்கள். பக்கத்தைப் புதுப்பிக்கவும் வேண்டாம், "படிவத்தை மீண்டும் அனுப்பவா?" என்று பிரவுசர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வங்கியின் செய்தியில் இருக்கும் பரிவர்த்தனை எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், திரையை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு வெளியேறி, திரும்ப லாக்-இன் செய்து, "கட்டண நிலை அறிக" என்பதுபோல் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். பல தளங்களில் அந்த எண்ணைக் கொடுத்ததும் பணம் விண்ணப்பத்தோடு சேர்ந்துவிடும். அப்படி ஒன்று இல்லை என்றால், வங்கியும் அலுவலகமும் கணக்கு ஒப்பிடும்வரை ஒருநாள் பொறுங்கள். கடைசி நாள் நெருங்கி, பொறுக்க நேரமில்லை என்றால் மட்டும் இரண்டாம் முறை கட்டுங்கள். அதற்கு முன் முதல் கட்டணம் பற்றிய புகாரைப் பதிவு செய்து, அதன் எண்ணை வாங்கிவிடுங்கள்.

படி 7: ஒப்புகைச் சீட்டு இல்லாமல் நகராதீர்கள்

"வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது" என்ற வரி ஆதாரம் ஆகாது. பதிவு எண் உள்ள பக்கத்தை பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். கண்ட்ரோலையும் "பி"-யையும் சேர்த்து அழுத்தி, பிரிண்டருக்குப் பதில் "பிடிஎஃப் ஆகச் சேமி" என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். நேரில் தாள் கொடுத்தால் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் அதே கடிதத்தைத் தபாலில் பதிவு செய்து அனுப்புங்கள். அசல் ஆவணத்தைச் சரிபார்க்கக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது. விதிப்படி அசலைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், எதைக் கொடுத்தீர்கள் என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

படி 8: கவுன்டரில் பேசுவது

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரும் அதே பழைய திரையோடுதான் நாள் முழுதும் மல்லுக்கட்டுகிறார். அவர் நினைத்தாலும் மாற்ற முடியாத கட்டங்கள் அதில் இருக்கும். "ஏன் இன்னும் முடியவில்லை?" என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. வேறு மாதிரி கேளுங்கள்:

"மேடம், இதுதான் பதிவு எண். உங்கள் திரையில் இப்போது என்ன நிலை காட்டுகிறது?"

"பரிசீலனையில் என்று இருக்கிறது."

"யாருடைய லாக்-இன்னில் நிற்கிறது என்று தெரியுமா?"

"சரிபார்ப்பு அலுவலரிடம். பன்னிரண்டாம் தேதியில் இருந்து."

"அவர் அடுத்து செய்ய வேண்டியது என்ன? அதற்கு நான் ஏதாவது தர வேண்டுமா?"

என்ன நிலை, யாரிடம், எப்போதிலிருந்து, அடுத்தது என்ன: இந்த நான்குக்கும் விடை கிடைத்தால் அன்றைய வேலை முடிந்தது. விடையை அவர் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள், தேதியைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துங்கள். குரலை உயர்த்தாமல் எழுதிக்கொள்கிற ஆளிடம் எல்லோரும் கவனமாகப் பேசுவார்கள். "இந்தத் தாள் போதாது" என்று சொன்னால், எந்த விதியில் அல்லது எந்தச் சுற்றறிக்கையில் அப்படி இருக்கிறது என்று பணிவாகக் கேளுங்கள். தேவையான தாள்களின் முழுப் பட்டியலை ஒரே தடவையில் எழுதித் தரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு தாளாகக் கேட்டு அலையவிடுவதுதான் மக்களை மிகவும் நோகடிக்கிறது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு அலைச்சலும் ஒருநாள் சம்பளம்.

படி 9: நினைவூட்டலும் மேல்முறையீடும்

குறித்த காலக்கெடு முடிந்தால் மறுநாளே எழுதுங்கள். கடிதம் அரைப்பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பதிவு எண், விண்ணப்பித்த தேதி, காலக்கெடு, கவுன்டரில் கிடைத்த விடை, நீங்கள் கேட்பது என்ன. வருத்தத்தையும் அலைச்சலையும் எழுதத் தோன்றும், அது நியாயமும்கூட. ஆனாலும் தேதிகளை மட்டும் வரிசையாக எழுதினால் படிப்பவர் தட்டிக்கழிப்பது கடினம். பதில் வராவிட்டால் அதே கடிதத்தை, முந்தைய தேதியைக் குறிப்பிட்டு, ஒரு படி மேலே இருக்கும் அதிகாரிக்கு அனுப்புங்கள். நேரே உச்சிக்கு எழுதினால் அது சுற்றிக் கீழேதான் வந்துசேரும்.

இதற்கும் மேலே இரண்டு கதவுகள் பல நாடுகளில் உண்டு. ஒன்று, அரசு அலுவலகங்கள் மீதான குறைகளை விசாரிக்கும் சுயேச்சையான குறைகேள் அதிகாரி. இந்தப் பதவியை நாடாளுமன்றத்தின் சார்பில் முதலில் ஏற்படுத்தியது சுவீடன், 1809-இல். இன்னொன்று, கோப்பைப் பார்க்கும் உரிமை. அதற்கும் 1766-இல் சுவீடன் இயற்றிய சட்டமே முன்னோடி. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் தகவல் பெறும் சட்டம் இருக்கிறது. "என் விண்ணப்பம் எந்தெந்த மேசைக்கு எந்தெந்தத் தேதியில் போனது" என்று கேட்டு ஒரு மனு கொடுத்தாலே, தூங்கிய கோப்பு எழுந்துகொள்வது உண்டு.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். "தகுதி இல்லை" என்று மொட்டையாக வந்தால், எந்த விதியின்கீழ் என்று கேட்டு எழுதுங்கள். மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் உண்டு. அது பெரும்பாலும் நிராகரித்த கடிதத்தின் கடைசி வரியிலோ பின்பக்கத்திலோ சிறிய எழுத்தில் இருக்கும். கடிதம் வந்த உறையையும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் தபால் முத்திரை, கடிதத்தை எப்போது அனுப்பினார்கள் என்பதற்குச் சாட்சி.

படி 10: கையில் வந்ததும்

ஆவணம் கிடைத்தவுடன் அங்கேயே நின்று பெயர், தேதி, முகவரி, எண் எல்லாவற்றையும் விண்ணப்ப நகலோடு ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் அப்போதே சொல்லுங்கள். பொதுக் கணினியில் வேலை செய்திருந்தால் லாக்-அவுட் செய்து, டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் உங்கள் ஆவணங்களையும் ரீசைக்கிள் பின்னில் இருப்பதையும் அழித்துவிட்டு எழுந்திருங்கள். வந்த ஆவணத்தை 300 டிபிஐ-யில் ஒருமுறை ஸ்கேன் செய்து, முதலில் தொடங்கிய அந்தக் கோப்பிலேயே வையுங்கள். காலாவதித் தேதி இருந்தால், அதற்கு மூன்று மாதம் முன்பாகக் கைபேசி நாள்காட்டியில் ஒரு நினைவூட்டல் போடுங்கள். நினைவூட்டலின் குறிப்பிலேயே பதிவு எண்ணையும் பயனர் பெயரையும் எழுதிவையுங்கள். கடவுச்சொல்லை அங்கே எழுத வேண்டாம்.